சைபருக்குக் கீழே

சிம்போத்தேயில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஜன்னல் கண்ணாடி மூடித்தான் இருந்தது. அந்த நாற்றத்துக்குக் கண்ணாடியெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. நெத்திலியைக் கொதிக்கவைத்து, பிழிந்து, காயவைத்து, மாவாக அரைத்து வெளிநாட்டுப் பன்றிகளுக்கு ஏற்றுமதி செய்கிற ஊர் அது. மீன்பிடிக் காலம் மறுநாள்தான் திறக்கிறது. ஆலைகள் சும்மா கிடந்தன. சும்மா கிடக்கும்போதே இந்தக் கதி. பக்கத்து இருக்கைக்காரர் பையிலிருந்து ரொட்டியை எடுத்து நிம்மதியாக மென்றுகொண்டிருந்தார். அவரைப் பார்க்கவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

என் பெயர் நெலிதா அஸ்கோய். லிமாக்காரி. மோட்டார் டிரைவ்கள் செய்கிற அட்டூழியங்களைச் சரிபண்ணுவது என் பிழைப்பு. டிரைவ் என்பது மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. அது மின்சாரத்தைப் பொடிப்பொடியாக நறுக்கித்தான் மோட்டாருக்கு அனுப்பும். நறுக்குகிற வேகத்தில், மீனின் செதிளைச் சுரண்டும்போது தெறிக்கிற மாதிரி, நாலாபக்கமும் ஒரு மின் இரைச்சல் தெறிக்கும். காதுக்குக் கேட்காது. ஆனால் பக்கத்தில் போகிற ஒயர்களில் எல்லாம் போய் ஒட்டிக்கொள்ளும். மீட்டர் பொய் சொல்லும், ரேடியோ கரகரக்கும், யாரும் தொடாத இயந்திரம் தொட்டதாக நினைத்துக்கொள்ளும். ஒரே கூரைக்குக் கீழே இவையெல்லாம் ஒன்றையொன்று கெடுக்காமல் குடித்தனம் நடத்தவேண்டும். அதற்குத்தான் என்னைக் கூப்பிடுவார்கள்.

ஆலையின் மேலாளர் ஒர்பெகோசோ கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து செவிச்சே தின்றுகொண்டிருந்தார். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய பச்சை மீன். வெளியே அந்த நாற்றம், உள்ளே இது. கை கொடுத்தார். விரல்களில் சாறு பிசுபிசுத்தது. என் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் அப்படியே பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாங்க இன்ஜினியர். சாப்பிடறீங்களா? காலையில வந்த மீன்."

"வேலையை முதல்ல பாத்துடறேன் சார்."

"லிமாக்காரங்களுக்கு எல்லாம் நோஞ்சான் வயிறு." முள்கரண்டியால் எதிரே சுவரில் இருந்த எண்திரையைக் காட்டினார். "அதப் பாருங்க. தொட்டி காலி. கழுவிக் கவுத்து வச்ச மாதிரி காலி. ஆனா அது என்ன சொல்லுது?"

படகுகளிலிருந்து உறிஞ்சப்படும் மீன் முதலில் வந்து விழுகிற இரும்புத் தொட்டியின் எடை அது. தொட்டியின் கால்களுக்கு அடியில் எடைமானிகள் இருக்கின்றன. திரையில் எண் ஒரு நிலையில் நிற்கவில்லை. இருபது, முந்நூறு, ஐம்பது, மறுபடி இருநூறு என்று பேய் பிடித்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது.

"எந்த மோட்டாராவது ஓடுதா இப்ப?"

"உறிஞ்சு பம்பை சோதனைக்கு ஓட்டிக்கிட்டிருக்கோம்."

"அதை நிறுத்துங்க."

நிறுத்தினார். எண் சைபரில் போய் உட்கார்ந்தது.

"டிரைவ் இரைச்சல் சார். வேற ஒண்ணும் இல்ல."

"அதான் எனக்கும் தெரியும். நாளைக்கு இந்த எண்ணை வச்சுத்தான் சர்க்காருக்குக் கணக்கு. இல்லாத மீன், சர்க்கார் எங்களுக்கு அளந்து விட்ட பங்குல கழிஞ்சிடும். சாயங்காலத்துக்குள்ள சரியாகணும்." ஒரு துண்டு மீனை வாயில் போட்டுக்கொண்டார். "வேற எதையும் நோண்ட வேண்டாம். இது போதும்."

வேற எதையும் நோண்ட வேண்டாம் என்று சொல்கிற ஆளிடம்தான் நோண்டுவதற்கு ஏதாவது இருக்கும். இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்.

தொட்டியைக் காட்ட எவாரிஸ்தோ என்பவரை அனுப்பினார். ஐம்பது தாண்டிய பருமனான ஆள். தொட்டியைச் சுத்தம் செய்வது அவர் வேலை. நான் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்ததைப் பார்த்துச் சிரித்தார்.

"மூக்கைப் பொத்தாதீங்க இன்ஜினியரம்மா. பொத்தினா வாய் வழியா உள்ள போகும். அப்புறம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் நாக்குல நிக்கும்."

வெளியே கடல் மூட்டம் தரையோடு தரையாகக் கிடந்தது. பகல்தான், ஆனால் சூரியன் இருக்கிற திசை தெரியவில்லை. சுவர், குழாய், படிக்கட்டு எல்லாவற்றிலும் பழைய மீன் எண்ணெய் ஒரு பழுப்புத் தோலாகப் படிந்திருந்தது. கைப்பிடியைப் பிடித்தால் கை ஒட்டியது. ஈரத்தில் அந்தத் தோல் கொழகொழவென்று உயிர் பெற்றிருந்தது. தொட்டியின் விளிம்பில் ஏறி உள்ளே எட்டிப் பார்த்தேன். அடியில், ஆள் படுத்தால் மறைகிற பள்ளத்தில், நீளவாக்கில் ஒரு ராட்சதத் திருகு கிடந்தது. மீனைத் தள்ளிக்கொண்டு போய் கொதிகலனில் கொட்டுவது அது. எங்கள் பெருவில் அதற்குப் புழு என்றுதான் பெயர். அதன் தகடுகளின் ஓரம் தேய்ந்து கத்தியாகியிருந்தது. தகட்டின் முதுகில் போன வருஷத்துச் செதிள்கள் நகம் மாதிரி ஒட்டியிருந்தன.

எவாரிஸ்தோ சட்டைக்குள்ளிருந்து ஒரு பீர் பாட்டிலை எடுத்தார். ஒரே கிளாஸ். ஊற்றிக் குடித்தார். அடியில் மிஞ்சிய நுரையை எல்லோரும் தரையில்தான் உதறுவார்கள். அவர் தொட்டிக்குள் உதறினார். பிறகு எனக்கு ஊற்றி நீட்டினார். கிளாஸின் விளிம்பில் ஒரு செதிள் ஒட்டியிருந்தது. வாங்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். அந்த ஊரில் நீட்டிய கிளாஸை மறுப்பது முகத்தில் அறைவதற்குச் சமம். கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன்.

"நுரையை உள்ள உதறுங்கம்மா. அவனும் குடிக்கட்டும்."

"யாரு?"

"என் தம்பி. தெமெத்ரியோ."

அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே சொல்கிறேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.

"போன சீசன்ல இந்தப் புழுவைச் சுரண்ட இறங்கினான். ஒல்லி ஆளு, அறுபத்தெட்டு கிலோ. ஒல்லியா இருக்கறதாலதான் அவனை இறக்கறது. அந்தா இருக்கு பாருங்க, சிவப்பு பட்டன், அத அழுத்திட்டுத்தான் இறங்கினான். நான் பாத்தேன். என் கண்ணால பாத்தேன். கொஞ்ச நேரத்துல புழு தானா சுத்துச்சு. யாரும் தொடல. நான் மேல இருந்து கை நீட்டறதுக்குள்ள..." அவர் கிளாஸைத் துடைத்தார். "குடிச்சிருந்தான்னு எழுதிட்டாங்க. அவன் வாழ்க்கையில இந்த நுரை அளவுகூடக் குடிச்சதில்ல."

"உடம்பு?"

"எங்க இருக்கு உடம்பு? புழு கொதிகலனுக்குத் தள்ளுச்சு, அது பிழியறதுக்குத் தள்ளுச்சு, அது உலர்த்தறதுக்கு. அன்னைக்கி ஆலையை யாரும் நிறுத்தல. படகு வரிசையா நின்னுச்சு. மறுநாள் மேலாளர் ஒரு மூட்டை மாவைக் குடுத்தாரு. இதான் உன் தம்பின்னு. சவப்பெட்டியில வச்சு அதைத்தான் புதைச்சோம். மிச்ச மூட்டையெல்லாம் கப்பல் ஏறிடுச்சு." என்னை நிமிர்ந்து பார்த்தார். "எந்த மூட்டையில அவன் இருந்தான்னு அவருக்கு எப்படிம்மா தெரியும்?"

படிக்கட்டின் ஓரம் போய்க் குனிந்தேன். வாந்திகூட அங்கே தனியாக நாறவில்லை.

"திரையில எண் ஆடுதுல்ல," என்று என் முதுகுக்குப் பின்னால் அவர் மெதுவாகச் சொன்னார். "சில நேரம் எழுபதுக்குப் பக்கத்துல வரும். நான் வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போவேன்."

சீசன் திறக்குமுன் அந்தப் புழுவை மறுபடி சுரண்டவேண்டுமே, மாலையில் இறங்கப்போவது யார் என்று மட்டும் கேட்டேன்.

"நான்தான். வேற யாரும் இறங்க மாட்டேங்கறாங்க. இறங்கலன்னா வேலை இல்லன்னு சொல்லிட்டாரு."

டிரைவ்கள் இருந்த அறையைத் திறந்ததும் எனக்குத் தலைக்கு மேல் கோபம் வந்துவிட்டது. மோட்டாருக்குப் போகிற கேபிளைச் சுற்றி ஒரு கம்பி வலைச் சட்டை இருக்கும். தெறிக்கிற இரைச்சலைத் தடுப்பது அதுதான். அதை முழுவட்டமாகப் பெட்டியின் உடம்போடு இறுக்கிப் பிடிக்கவேண்டும். இவர்கள் முறுக்கி, எலிவால் மாதிரி ஒரு நுனியை மட்டும் ஆணியில் சுற்றியிருந்தார்கள். உப்புக்காற்று அந்த வாலையும் தின்று பச்சையாக்கியிருந்தது. டிரைவுக்குள் இரைச்சலை மண்ணுக்கு அனுப்புகிற வடிகட்டி உண்டு. அதை எர்த்தோடு இணைக்கிற ஸ்க்ரூவை எல்லாப் பெட்டியிலும் கழற்றி எடுத்திருந்தார்கள். அதற்கப்புறம் மேலே கேபிள்களைத் தாங்கி ஓடுகிற கம்பித் தட்டைப் பார்த்தேன். புழுவுக்கு 'ஓடு' என்று சொல்கிற மெல்லிய ஒயர், உறிஞ்சு பம்பின் தடித்த கேபிளைத் தழுவிக்கொண்டு அந்தத் தட்டின் நீளம் முழுக்கப் போயிருந்தது.

அப்படியே நின்றேன்.

சிவப்பு பட்டன் மின்சாரத்தை வெட்டுவதில்லை. டிரைவிடம் 'நில்' என்று சொல்வதோடு சரி. பக்கத்துக் கேபிள் இரைந்தால், அந்த மெல்லிய ஒயர் வழியாக இன்னொரு குரல் 'ஓடு' என்று சொல்லும். டிரைவ் பாவம், யார் சொன்னது என்று அதற்குத் தெரியாது. தெமெத்ரியோவைக் கொன்றது குடியும் இல்லை, விதியும் இல்லை. இந்த ஒயர்தான்.

அளந்து காட்டக்கூட அவசியம் இருக்கவில்லை. ஆனாலும் அளந்தேன். கருவியில் பார்த்தேன். பம்பு வேகம் பிடிக்கும்போதெல்லாம் அந்த ஒயர் துடித்தது.

ஒர்பெகோசோ அப்போதும் தின்றுகொண்டிருந்தார். இரண்டாவது தட்டு.

"ஸ்க்ரூவை யார் சார் கழட்டச் சொன்னது?"

"நான்தான். அது இருந்தா ஈரத்துல எர்த் பிரேக்கர் பொசுக்குன்னு விழுந்து கரண்டை வெட்டிடுது. படகு நிக்கும்போது பிரேக்கர் விழுந்தா நீங்களா வந்து மீனைத் தின்னுவீங்க?"

"அதனாலதான் புழு தானா சுத்திருக்கு. ஒரு ஆளு செத்திருக்கான்."

அவர் வாயை நிறுத்தவில்லை. மென்று, விழுங்கி, உதட்டில் ஒட்டிய வெங்காயத்தை நாக்கால் எடுத்தார்.

"அவன் குடிச்சிருந்தான். விசாரணை முடிஞ்சுபோச்சு. நீங்க எடையைச் சரி பண்ண வந்தவங்க, எடையைச் சரி பண்ணுங்க. அறிக்கையில எடை மட்டும் இருக்கட்டும்."

இந்த மனிதனின் தட்டைத் தூக்கி அவன் மூஞ்சியிலேயே கொட்டிவிட்டு அடுத்த பஸ் பிடிக்கவேண்டும் என்று இருந்தது. ஆனால் நான் போய்விட்டால் எவாரிஸ்தோ அந்த ஒயரை நம்பித்தான் இறங்குவார். போக முடியவில்லை.

மதியம் முழுக்க வேலை செய்தேன். எவாரிஸ்தோ ஏணி பிடித்தார், கருவிகளை எடுத்துக் கொடுத்தார். வலைச் சட்டைகளை உரித்துப் பளபளவென்று தேய்த்து, முழுவட்டப் பிடியில் இறுக்கினோம். ஒவ்வொரு டிரைவிலும் ஸ்க்ரூவைத் திருப்பிப் போட்டோம். எர்த் பிரேக்கரை இந்த வடிகட்டிக்குப் பொருந்துகிற மாதிரி மாற்றினேன். எடைமானி ஒயரையும் அந்த மெல்லிய 'ஓடு' ஒயரையும் தனி இரும்புக் குழாய்க்குள் எதிர்ச்சுவர் வழியாகக் கொண்டுபோனோம். பிறகு ஆலையில் இருந்த அத்தனை மோட்டாரையும் ஒரே நேரத்தில் ஓட்டினேன். தரை அதிர்ந்தது.

எண்திரை சைபரில் நின்றது. ஒரு கிலோகூட அசையவில்லை.

எவாரிஸ்தோ அதையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும்.

"அப்போ இத்தனை நாளும் அது அவன் இல்லையாம்மா?"

"இல்லண்ணே. இரைச்சல்தான்."

"சரி," என்றார். "நான்தான் பைத்தியக்காரன் மாதிரி பம்பு கேபிள்கிட்ட பேசிக்கிட்டிருந்திருக்கேன்." சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

சுத்தம் செய்ய இறங்குமுன் மெயின் சுவிட்சையே வெட்டவேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொன்னேன். ஒர்பெகோசோ குதித்தார். அந்தக் கடற்கரையில் யாரும் டிரைவ்களை அணைப்பதில்லை. அணைத்தால் சூடு இறங்கும், மூட்டம் உள்ளே புகுந்து மின்சுற்றுப் பலகைகளில் வியர்க்கும், மறுபடி போடும்போது புகைந்துவிடும் என்று ஒரு பயம். வருஷம் முழுக்க உயிரோடு வைத்துக்கொண்டு, பட்டனை நம்பி ஆளை இறக்குவதுதான் பழக்கம்.

"நீங்களே சரி பண்ணிட்டு நீங்களே நம்பலன்னா எப்படி?"

"என்னைய நம்பறேன். உங்க பட்டனை நம்பல."

அவரை வைத்துக்கொண்டே எல்லா மோட்டார்களையும் நிறுத்தி, மெயினை இழுத்தேன். பூட்டுப் போடுகிற காதைத் துரு தின்றிருந்தது. என் கழுத்திலிருந்த சிவப்புத் துணியை அவிழ்த்துக் கைப்பிடியில் இறுக்கிக் கட்டினேன். "உள்ள ஆள் இருக்காரு. இத அவிழ்க்கக் கூடாது," என்றேன். அவர் தலையாட்டினார். தலையாட்டத்தான் செய்தார்.

எவாரிஸ்தோ பக்கவாட்டில் படுத்து, தகடுகளுக்கு நடுவே நுழைந்தார். அதற்கு முன் சிவப்பு பட்டனை அழுத்தச் சொல்லியிருந்தேன். அதைப் பார்த்துத் துப்பினார்.

"அத அழுத்தினவன்தான் உள்ள போனான். நீங்க மெயினை வெட்டிட்டீங்கள்ல, போதும்."

நான் விளிம்பை ஒட்டிய படிக்கட்டில் நின்றேன். தொட்டியின் பக்கவாட்டிலும் ஒரு சின்ன எண்திரை உண்டு. கணக்கு அழியக் கூடாது என்று எடைக்கருவி மட்டும் பாட்டரியில் ஓடும். 92 என்று காட்டியது. எவாரிஸ்தோவின் எடை. கீழே சுரண்டும் சத்தம் சீராக வந்தது. ஒவ்வொரு சுரண்டலுக்கும் ஒரு புது நாற்றம் மேலே எழும்பியது. அழுகல், துரு, பழைய கொழுப்பு.

பிறகு இன்னொரு வாசனை. காய்ந்த, வறுத்த வாசனை.

மீன் மாவு.

மாவு அரைக்கிற கூடம் ஆலையின் அந்தக் கோடியில் இருக்கிறது. பச்சை மீன் விழுகிற இந்த இடத்துக்கு மாவு வர வழியே இல்லை.

எண்திரையைப் பார்த்தேன்.

160.

மோட்டார் ஒன்றும் ஓடவில்லை. டிரைவ்கள் செத்துக் கிடந்தன. நறுக்க மின்சாரமும் இல்லை, தெறிக்க இரைச்சலும் இல்லை. எண் ஆடவும் இல்லை. கல்லில் வெட்டிய மாதிரி நின்றது.

"அண்ணே," என்றேன். "உள்ள உங்களத் தவிர யாராவது இருக்காங்களா?"

"யாரும்மா இருப்பாங்க இந்த நரகத்துல."

அப்போது தொட்டிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிந்தது.

மின்சாரம் வந்துவிட்டது.

மோட்டார் முனகியது.

பட்டன் மேல் பாய்ந்து குத்தினேன். உப்பில் உளுத்திருந்த சிவப்புத் தலை உடைந்து என் கையோடு வந்தது. அதை வீசிவிட்டு ஓடினேன். கொழகொழத்த படிகளில் வழுக்கி முழங்கால் பிய்ந்தது. முதுகுக்குப் பின்னால் மோட்டார் உறுமிக்கொண்டே இருந்தது. அலறல் வரும், இதோ வரும் என்று காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

வரவில்லை.

டிரைவ் அறையில் புழுவின் பெட்டியைத் தாண்டும்போது பார்த்தேன். இருக்கிற பலம் முழுவதையும் மோட்டாருக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதன் திரையில் சுழற்சி என்கிற இடத்தில் சைபர். எருமையைக்கூட அரைத்துவிடுகிற பலம் அது. எதுவோ பிடித்து நிறுத்தியிருந்தது. மெயினை இழுத்து அணைத்தேன். என் சிவப்புத் துணி தரையில் கிடந்தது.

அடுத்த அறையில் ஒர்பெகோசோ கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். "எல்லாம் தயார் முதலாளி. திரை முழுக்கப் பச்சை, படம் அனுப்பிட்டேன் பாருங்க." லிமாவில் இருக்கிற முதலாளிக்குப் படம் காட்ட மெயினைப் போட்டு, எல்லா மோட்டாருக்கும் 'ஓடு' என்று அழுத்தியிருக்கிறார்.

"மூட்டம் ஏறுது, பலகை கெட்டுப்போயிடும்ல," என்றார் என்னைப் பார்த்ததும். "பட்டனை அழுத்தியிருப்பான்னு நினைச்சேன். என்ன, உயிரோடதானே இருக்கான்?"

நான் தொட்டியைப் பார்த்து ஓடினேன். நின்றிருந்தால் அடித்திருப்பேன்.

எவாரிஸ்தோ தானாகவே ஏறி வந்துவிட்டார். படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை. கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"தகடு இங்க இருந்துச்சு," என்று கழுத்தைத் தொட்டுக் காட்டினார். "நடுங்குச்சு. பல்லு கிட்டின மாதிரி நடுங்குச்சு. ஆனா சுத்தல. எனக்குப் பின்னாடி ஒருத்தன் மூச்சு வாங்கினான்மா. பெரிய பாரத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கிறவன் வாங்குவானே, அந்த மாதிரி."

அவரைத் திருப்பினேன். எண்ணெயும் சேறும் அப்பிய சட்டையின் முதுகில், இரண்டு தோள்களிலும், மாவு. ஈரத்தில் பிசைந்து ஜில்லென்றிருந்தது.

சின்னத் திரையில் 68.

இருவரும் கட்டுப்பாட்டு அறைக்குப் போனோம். எவாரிஸ்தோ கணக்குத் தீர்த்துக்கொண்டு வெளியேறப்போவதாகச் சொல்ல. நான் அறிக்கையில் ஸ்க்ரூ, ஒயர், சிவப்புத் துணி எல்லாவற்றையும் எழுதி நேராக அமைச்சகத்துக்கே அனுப்பப்போவதாகச் சொல்ல. ஒர்பெகோசோ இரண்டையும் கேட்கவில்லை. அவர் கண் சுவரில் இருந்த எண்திரையில் இருந்தது.

"என்னத்த சரி பண்ணீங்க? காலித் தொட்டி அறுபத்தெட்டு காட்டுது."

"மெயின் அணைஞ்சிருக்கு சார்," என்றேன். "இது இரைச்சல் இல்ல."

"என்னவா இருந்தா எனக்கென்ன? நாளைக்கு ஒவ்வொரு படகுக்கும் இது சேரும்." கருவியில் சைபராக்குகிற பட்டன் ஒன்று உண்டு. தொட்டியில் என்ன கிடந்தாலும் அதைக் கணக்கில் சேர்க்காதே என்று சொல்வது அது. விரலை நீட்டினார்.

"சார், வேண்டாம்," என்றார் எவாரிஸ்தோ. "அவனை ஒரு தடவை இல்லன்னு எழுதியாச்சு. போதும்."

அழுத்தினார். 68 மறைந்தது. சைபர்.

"அவ்வளவுதான். இதுக்குப் போயி." நாற்காலியில் சாய்ந்து தட்டை இழுத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் முள்கரண்டியின் சத்தம் மட்டும்.

பிறகு எண் மாறியது. முன்னால் ஒரு கோடு விழுந்தது.

-68.

"இதென்ன கோடு?" மென்றபடியே கேட்டார். "மைனஸ்னா என்ன அர்த்தம்?"

சொல்லித்தான் ஆகவேண்டும்.

"உள்ள இருந்தது வெளிய வந்துடுச்சுன்னு அர்த்தம் சார்."

மாவு வாசனை வந்தது. கதவு திறக்கவில்லை. ஆனால் வாசலிலிருந்து நாற்காலி வரை, எண்ணெய்ப் பிசுக்குத் தரையில், வெளிறிய ஈரத் தடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊறி எழுந்தன. வெறுங்கால் தடங்கள். தட்டில் இருந்த எலுமிச்சைச் சாறு மெல்லக் கலங்கி, கூழாகி, பழுப்பாகக் கெட்டியானது. அவர் வாயில் இருந்ததும் அப்படியே ஆகியிருக்க வேண்டும். துப்பினார். பசை மாதிரி மோவாயில் தொங்கியது.

எழப் பார்த்தார்.

நாற்காலி நடுங்கியது. அவர் கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. இருக்கிற பலம் முழுவதையும் கொடுத்தார்.

எழவில்லை.

அவர் நீலச் சட்டையின் இரண்டு தோள்களிலும் மாவு படிந்திருந்தது.

"எவாரிஸ்தோ," என்றார். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "உன் தம்பிதானே. சொல்லேன் அவன்கிட்ட. விடச் சொல்லேன்."

எவாரிஸ்தோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"எங்க இருக்கான்னு எனக்கெப்படி சார் தெரியும்? மூட்டை கட்டிக் கப்பல் ஏத்தினது நீங்கதானே."

நாங்கள் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். மூட்டம் இன்னும் தரையில்தான் கிடந்தது. படிக்கட்டின் பாதி வரை எங்களுக்கு அது கேட்டுக்கொண்டே இருந்தது. நாற்காலி நடுங்கும் சத்தம் இல்லை, அவர் கூப்பிடும் சத்தமும் இல்லை. பெரிய பாரத்தைப் பிடித்துக்கொண்டு, விடாமல், ஒருவன் மூச்சு வாங்கும் சத்தம்.